பேத்தை மீன் வளர்த்த பாகீரதி

பிச்சுமணி ஒரு மீனைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தபோது பாகீரதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையோடு எழுந்து வந்து பார்த்தாள். பிளாட்பாரக் கடைகளில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பெப்பர்மிண்ட் ஜாடி. அதில் முக்கால்வாசித் தண்ணீர். நடுவில் பெருவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பச்சை மீன், முதுகில் கரும்புள்ளிகளோடு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"என்னன்னா இது?"

"மீன்."

"அது தெரியறது. ஆத்துக்குள்ள எதுக்கு?"

பிச்சுமணி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் மதுரை ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. அது 1938-ஆம் வருஷம், ஆடி மாதம். திருவாங்கூர் மலைப்பாதையில் மழைக்கு மண் சரிந்து, அந்தப் பக்கத்து வண்டிகளெல்லாம் நேரம் தப்பி வந்துகொண்டிருந்தன. அப்படி வந்த ஒரு வண்டியில், சென்னையில் ஏதோ ஒரு கல்லூரிக்கு அனுப்பிய தகர டின் ஒன்று அடி கசிந்து மதுரையிலேயே நின்றுவிட்டது. உள்ளே உயிருள்ள மீன்கள். தந்தி கொடுத்தார். மூன்றாம் நாள் பதில் வந்தது. பாடம் முடிந்துவிட்டது, மீன்கள் வேண்டாம், அழித்துவிடவும் என்று இருந்தது. மூடியைத் திறந்தால் எட்டு செத்து மிதந்தன. ஒன்பதாவது மீன், டின்னின் மூலையில் நின்று அவரை ஒரு கண்ணால் பார்த்தது.

"அழிக்கறதுன்னா எப்படி அழிக்கறது? கை வரலை. நாளைக்குக் கார்த்தால வைகையில விட்டுடு" என்றார்.

பாகீரதிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சோழவந்தான் பக்கத்துப் பெண். ஐந்தாவது வரை படித்தவள். ஒரே பெண் கல்யாணமாகித் திருச்சியில் இருந்தாள். பாகீரதியைப் பற்றி உறவுக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். நவராத்திரிக்கு வாங்கிய பட்டு நூல்கண்டு ஒன்று சிக்கலாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கத்திரியை எடுத்திருப்பார்கள். அவள் மூன்று நாள் மத்தியானங்கள் உட்கார்ந்து, ஒரு இடத்தில்கூட அறுக்காமல், முழு நூலையும் பிரித்து எடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். 'பிடிவாதக்காரி' என்று சிலர் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். வைகையில் அந்த வாரம் பெரும்பாலும் மணல்தான். ஓரமாக ஓடிய தண்ணீரில் சாயப்பட்டறைக்காரர்கள் நூல் அலசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சிவப்பு, கொஞ்சம் தள்ளி ஊதா. அதற்கும் கீழே வெளுப்பவர்களின் உவர்மண் நுரை. பாகீரதி முழங்கால் தண்ணீரில் நின்று ஜாடியைப் பார்த்தாள். மீன் அவளைப் பார்த்தது. ஒரு கண் அவள் மேல் இருக்க, மற்றொரு கண் தனியாகத் திரும்பி ஆற்றைப் பார்த்தது. இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் திரும்பும் ஒரு ஜீவனை அவள் அதுவரை கண்டதில்லை.

ஜாடியோடு திரும்பி வந்தாள்.

"விடலையா?"

"அந்தத் தண்ணியில நான் கால் அலம்பவே யோசிச்சேன். இதை எப்படி விடறது? இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அப்போது அவளுக்குத் தெரியாது. சாதத்தைப் பருக்கை பருக்கையாகப் போட்டாள். மீன் அருகில் வந்து முகர்ந்துவிட்டுப் போயிற்று. பொரி, பயத்தம்பருப்பு, பாலேடு, அப்பளத் தூள் என்று ஆறு நாள் மாற்றி மாற்றிப் போட்டாள். எதையும் அது தொடவில்லை. போட்டதெல்லாம் அடியில் ஊறித் தண்ணீர் நாறியது. தினம் இரண்டு வேளை தண்ணீர் மாற்றினாள். மீனின் வயிறு உள்ளே ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது.

ஏழாம் நாள் கொல்லைக் கல்தொட்டியில் நான்கு நாளாகக் கிடந்த தண்ணீரை, கிணற்றடியில் கூட்டமாக இருந்ததால், அவசரத்துக்கு மொண்டு ஊற்றினாள். அதில் கொசுவின் கூத்தாடிப் புழுக்கள் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. மீன் கவனித்தது. உடம்பை லேசாக வளைத்து, நின்ற இடத்திலிருந்து குறி பார்த்து, டக் என்று ஒன்றைப் பிடித்தது. பிறகு இன்னொன்று. அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். பதினேழு புழு உள்ளே போயின. வயிறு சின்னக் கடுக்காய் மாதிரி உருண்டது.

பாகீரதி எழுந்து நின்றாள். முட்டை வாசனைகூடப் படாத சமையலறை அது. அதில் ஒரு ஜீவன் இன்னொரு ஜீவனைத் தின்று வயிறு நிறைந்து நிற்கிறது, அவள் கையால். அன்று மத்தியானம் அவளுக்கு மோர்சாதம் இறங்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஒரு பழைய மண்பானையில் தண்ணீர் ஊற்றி, நாலு சருகைப் போட்டு, கொல்லைச் சுவரோரம் கூத்தாடிக்கென்று வைத்தாள். கொசுவை எல்லோரும்தான் அடிக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மருது என்று ஒரு ரயில் கார்டு இருந்தார். ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரர். பிச்சுமணி அவரிடம் மீனைப் பற்றிச் சொன்னபோது, அவர் சிரித்துவிட்டு, "இது பேத்தை மீனுல்ல! கடல்ல பெரிசு பெரிசா இருக்கும். வலையில விழுந்தா தூக்கி எறிஞ்சிருவாங்க. விசம். உங்களது ஆத்துப் பேத்தை போலருக்கு. சிப்பி, நத்தைன்னா அதுக்கு உசுரு. ஓட்டோட கடிச்சு நொறுக்கிரும்" என்றார்.

பிச்சுமணி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். விஷம் என்றதைப் பாகீரதி பொருட்படுத்தவில்லை. தின்னப் போகிறவர்களுக்குத்தானே அந்தக் கவலை. நத்தை என்றதுதான் அவளைத் தடுத்தது. கூத்தாடி வேறு. நத்தை தன் வீட்டைத் தானே சுமந்துகொண்டு, ஒருவர் வழிக்கும் போகாமல், மெல்ல ஊர்கிற பிராணி. அதைக் கொண்டுவந்து கடிக்கக் கொடுக்க அவளால் முடியாது.

அவர்களுக்குக் கீரை கொண்டுவரும் ஒச்சாயி எழுமலையில் பிறந்து, துவரிமானில் வாழ்க்கைப்பட்டவள். பாகீரதி வயதுதான் இருக்கும். வாய்க்காலில் இருந்து வேலம்பாசி பறித்து வரச் சொல்லிப் பாகீரதி கேட்டிருந்தாள், மீன் ஒளிந்துகொள்ள. ஒச்சாயி பாசியைக் கொண்டுவந்தபோது அதோடு ஒரு சிரட்டை நிறையக் குட்டி நத்தையும் இருந்தது.

"இந்தாங்க ஐயரம்மா. உங்க மீனுக்கு. வயக்காட்டுல அம்புட்டுக் கெடக்கு."

"வேண்டாம் ஒச்சாயி. எடுத்துண்டு போயிடு."

"ஏன், திங்காதா?"

"திங்கும். எனக்குத்தான் மனசு வரலை."

ஒச்சாயி சிரட்டையை எடுத்துக்கொண்டாள். "கொசுப்புழுவும் உசுருதான ஐயரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பாகீரதிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிடி கொடுக்கவில்லை.

ஜாடி போதவில்லை. பிச்சுமணி பாட்டரி ரூமில் சொல்லி, கழித்துப் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்தார். தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் பாட்டரிகள் அந்தத் தொட்டிகளில்தான் இருக்கும். கனமான பச்சைக் கண்ணாடி, சதுரம், ஒரு முழ உயரம். ஆனால் பல வருஷம் திராவகம் நின்ற தொட்டி. பாகீரதி சாம்பல் போட்டுத் தேய்த்தாள், சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிவைத்தாள், கிணற்றுத் தண்ணீரில் அலசினாள். சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு பட்டால் நிறம் ஊதாவாகிவிடும் என்று சமையலறையில் பார்த்திருக்கிறாள். திராவகமும் புளிப்புத்தானே. அதனால் தினம் காலையில் தொட்டியில் நின்ற தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துச் சங்குப்பூத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். முதல் நாள் ஊதா. இரண்டாம் நாளும் ஊதா. பதினோராம் நாள் நீலம் நீலமாகவே நின்றது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் பொறுத்து, மணல் பரப்பி, பாசி நட்டு, மீனை மாற்றினாள். அது தொட்டியின் நான்கு மூலைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, நடுவில் வந்து நின்றது.

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு நகரசபைச் சுகாதார இன்ஸ்பெக்டர் கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வந்தார். அவர்கள் குடியிருந்தது ஒரு வளவில். பொதுக் கிணறும் பொது முற்றமுமாக ஆறு குடித்தனம். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த குச்சியால் பூந்தொட்டிகளைத் தட்டிக்கொண்டே கொல்லைக்கு வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு வீட்டுப் பானை இது?"

"என்னோடது" என்றாள் பாகீரதி.

"உள்ள முழுக்கக் கொசுப்புழு. தெரியுமா?"

"தெரியும். நான்தான் வளக்கறேன்."

இன்ஸ்பெக்டர் அப்படி ஒரு பதிலை அந்தத் தெருவில் யாரிடமும் கேட்டதில்லை. கொசுவை வளர்க்கிறீர்களா என்று மறுபடியும் கேட்டார். அவள் அவரை உள்ளே கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினாள். ஒரு கரண்டிப் புழுவை விட்டாள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"இம்புட்டுண்டு மீனு இத்தனை திங்குதா!"

"பானைக்கு மெல்லிசு துணி கட்டிடறேன். ஒரு கொசு பறந்து வெளியில போனாலும் சொல்லுங்கோ, பானையை நானே உடைக்கறேன்."

"துணி கட்டுங்க, அது நல்லது. ஆனா பாத்துட்டேன், எழுதாம இருக்க முடியாதும்மா. வீட்டுச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் போயிரும்."

போயிற்று. வளவின் சொந்தக்காரர் வெங்கட்ரமணன் முன்கட்டில் இருந்தார். கோர்ட்டு வேலையில் ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்திப் பேசாதவர். அவர் பெயருக்கு அதுவரை ஒரு நோட்டீஸ் வந்ததில்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"பாகீரதி, ஒன்னை நான் குத்தம் சொல்லலை. ஆனா இது பூஜை புனஸ்காரம் பண்ற மனுஷா இருக்கிற வளவு. நடுக்கூடத்துல ஒண்ணு உசிரைத் தின்னுண்டு இருக்குன்னு மத்தவா எல்லாரும் எங்கிட்ட வந்து சொல்றா. போறாததுக்கு இது வேற. ஒண்ணு அந்த மீன் போகணும், இல்லேன்னா..."

நல்ல மனிதர், முடிக்க வாய் வரவில்லை.

"இல்லேன்னா நாங்க போகணும்" என்றாள் பாகீரதி. "சரி மாமா. தை பொறக்கட்டும், காலி பண்ணிடறோம்."

உள்ளே பிச்சுமணி பஞ்சாங்கத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொல்லிட்டு வந்திருக்கே? பதினாலு வருஷமா இருக்கோம். ஒரு மீனுக்காக ஆத்தைக் காலி பண்றவா ஊர்ல உண்டா?"

"இப்ப உண்டு. அரசரடிப் பக்கம் குவார்ட்டர்ஸ் தரேன்னு ரெண்டு தடவை சொன்னா, நீங்கதான் வேண்டாம்னேள். நாளைக்கு மனு எழுதிக் கொடுங்கோ."

"அங்க ராப்பகலா எஞ்சின் சத்தம். பக்கத்தாத்துல யார் யாரோ இருப்பா."

"இருக்கட்டும்னா. அவாளும் என்னைப் பாத்து யாரோன்னுதானே நினைப்பா."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் கோபத்தில் பேசவில்லை. கோபமாக இருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். அவள் முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் மனு எழுதிக் கொடுத்தார்.

தை மாதம் ஒரு நல்ல நாளில் சாமான்கள் மாட்டு வண்டியில் போயின. தொட்டியை அதில் ஏற்றப் பாகீரதி சம்மதிக்கவில்லை. தண்ணீரைக் கால்வாசி மட்டும் நிற்கும்படி இறைத்துவிட்டு, ஒரு ஜட்காவில் வைக்கோல் பரப்பி, தொட்டியை மடியில் வைத்து இரு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குதிரை அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தண்ணீர் எம்பிப் புடவையை நனைத்தது. ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது மீன் பயத்தில் தண்ணீரைக் குடித்து உப்பி, முள்முள்ளாக ஒரு நெல்லிக்காய் போல உருண்டுவிட்டது. திரும்பிப் பார்த்த வண்டிக்கார பாய், "யா அல்லா! இது என்னம்மா, மீன்னு சொன்னீங்க, பந்தா இருக்கு!" என்றார். அவளும் அன்றுதான் அதை அப்படிப் பார்த்தாள். தொட்டிமேல் முந்தானையைப் போட்டு இருட்டாக்கினாள். கேட் திறப்பதற்குள் அது பழையபடி இளைத்துவிட்டது.

புது வீட்டில் பக்கத்து வாசல் மருதுவுடையதாக இருந்தது. மற்றவர்களும் வந்து பார்த்தார்கள். ஃபயர்மேன் வீடு, பாயிண்ட்ஸ்மேன் வீடு என்று எல்லா வீட்டுப் பெண்களும் ஒருமுறை வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஒச்சாயிக்குத் துவரிமானிலிருந்து அந்த இடம் இன்னும் கிட்டத்தில் இருந்தது. கீரைக்கூடையை இறக்கிவைத்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். பாகீரதி பானைக்குத் துணி கட்டி வைத்திருந்தாள். எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்தாள்.

வைகாசியில் மீன் சாப்பிடுவதை நிறுத்தியது.

பசி இல்லாமல் இல்லை. புழு விழுந்ததும் ஓடி வந்தது, குறி பார்த்தது, பாய்ந்தது. ஆனால் புழு வாயில் முட்டி வெளியே விழுந்தது. நான்கு நாள் இப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் வெயில் தொட்டியின் பக்கவாட்டில் விழும் நேரத்தில் அவள் உற்றுப் பார்த்தாள். மேல்பல் இரண்டும் சேர்ந்து கிளி மூக்கு மாதிரி வளைந்து கீழ் உதட்டைத் தாண்டி வளர்ந்திருந்தது. வாய் மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை.

மருது வந்து பார்த்தார்.

"பேத்தைக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும்மா. சிப்பியக் கடிச்சுக் கடிச்சுத் தேய்ச்சிக்கிரும். நீங்க ஓடு எதுவும் போடலையா?"

"போடலை" என்றாள்.

அவர் போன பிறகு வெகுநேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது அவள். தன் மனசு நோகக் கூடாது என்று அதன் வாயைக் கட்டியிருக்கிறாள். வெங்கட்ரமணன் வெளியே அனுப்பச் சொன்னபோது வீட்டையே மாற்றினாளே, அவரைவிட அவள் இந்த மீனுக்கு என்ன நல்லது செய்துவிட்டாள்? அழுகை வந்தது. அழுதால் பல் தேயாது என்று எழுந்து, தலையை வாரிக்கொண்டு, தெற்காவணி மூலவீதிக்குக் கிளம்பினாள்.

நகை செய்யும் பத்தர் ஒருவர் அவளுக்குத் தோடு செய்து கொடுத்தவர். உமியோட்டில் தணலை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வாங்கம்மா. என்ன வேணும்?"

"கம்பி நறுக்கற குறடு, உங்ககிட்ட இருக்கறதிலயே சின்னது. நாலு நாளைக்கு இரவல் வேணும்."

"எதை நறுக்க?"

"மீனோட பல்லை."

பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். அவள் முழுவதும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கை வேலை செய்கிறவர், சின்ன விஷயத்தில் உள்ள கஷ்டம் அவருக்குத் தெரியும். ஊசிமுனை போன்ற குறடு ஒன்றை எடுத்துச் சாணையில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"அழுத்துனா நசுங்கிரும்மா. மொத்தமா வெட்டப் பாக்காதீங்க. முனைய மட்டும் கிள்ளுங்க, போதும். முதல்ல வேற எதுலயாச்சும் கையைப் பழக்கிக்கங்க."

வீட்டுக்கு வந்து ஈரத்துணியில் அரிசியைப் பிடித்துக்கொண்டு முனை கிள்ளிப் பழகினாள். முதல் பத்து அரிசி நொறுங்கின. இருபதாவதில் கை நின்றது. நாற்பது அரிசி கிள்ளிவிட்டு, ஒரு பேசினில் தண்ணீர் எடுத்துவைத்தபோது பிச்சுமணி ஆபீசிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்.

"உங்க கண்ணாடியைக் கழட்டுங்கோ. பேசினுக்கு மேல பிடிச்சுண்டு நில்லுங்கோ. பெரிசாத் தெரியணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடி போலப் பிடித்தார். பாகீரதி அதுவரை எந்த மீனையும் தொட்டதில்லை. இந்த மீனைக்கூட ஒரு கிண்ணத்தால்தான் அள்ளுவாள். ஈர மல்துணியைக் கையில் சுற்றி அதைத் தூக்கினாள். தண்ணீருக்கு வெளியே வந்ததும் அது காற்றை விழுங்கிப் பந்தாக உப்பிவிட்டது. வாய் எங்கே என்றே தெரியவில்லை. பதறிப்போய்த் தொட்டித் தண்ணீரில் விட்டாள். அது மூழ்க முடியாமல் வயிறு மேலாக மிதந்தது.

"போச்சு" என்றார் பிச்சுமணி.

"போகலை. சும்மா இருங்கோ."

உள்ளங்கையைத் தண்ணீருக்குள் கொடுத்து, மீனின் தலை மேலே இருக்கும்படி தாங்கிப் பிடித்தாள். அசையாமல் நின்றாள். கை மரத்தது. ஒரு குமிழி வந்தது. கொஞ்சம் பொறுத்து மூன்று. பிறகு வரிசையாக வந்தன. மீன் இளைத்து, கையிலிருந்து நழுவி, பாசிக்குள் போய் ஒளிந்தது. அன்று அதை மறுபடி தொடவில்லை. எங்கே தவறு என்று மட்டும் யோசித்துக்கொண்டே கறிகாய் நறுக்கினாள். வெளியே எடுத்ததுதான் தவறு.

மறுநாள் அதே நேரம் பேசினில் தண்ணீருக்குள்ளேயே துணியால் வளைத்தாள். மீனின் தலை மட்டும் துணிக்கு வெளியே. பிச்சுமணி கண்ணாடியைப் பிடித்தார். குறட்டின் முனை பல்லின் முனையில் நின்றது. கிள்ளினாள். ஒரு சின்ன சத்தம். மீன் ஒருமுறை துள்ளியது. இன்னொரு கிள்ளு. வெள்ளைத் துணியில் கடுகில் பாதி அளவு ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. துணியைத் தளர்த்தினாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒச்சாயிக்கு ஆள் சொல்லி அனுப்பத் தேவையிருக்கவில்லை. மறுநாள் காலை அவளே வந்தாள்.

"ஒச்சாயி, அன்னிக்குக் கொண்டுவந்தியே நத்தை. எனக்கு வேணும். பொடிசா, மிளகு அளவுல இருக்கறது."

ஒச்சாயி இடுப்பில் கை வைத்து அவளைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. "மத்தியானத்துக்குள்ள வாரேன்" என்று பாதி விற்ற கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். வெயிலில் நடந்து போய், வெயிலில் நடந்து வந்தாள். சிரட்டையில் ஈரப்பாசிக்குள் நத்தைகள் ஊர்ந்தன.

"நான் நசுக்கித் தரவா ஐயரம்மா? உங்களுக்கு ஆகாதுல்ல."

"வேண்டாம். நான் வளக்கறேன், நான்தான் பண்ணணும்."

பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஒரு கூழாங்கல்லால் முதல் நத்தையின் ஓட்டை உடைத்தாள். மெத்தென்று ஒரு சத்தம். கண்ணை மூடவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் விட்டாள். மீன் பாசிக்குள்ளிருந்து மெல்ல வந்தது. ஒரு கண்ணால் பார்த்தது, சுற்றி வந்து இன்னொரு கண்ணாலும் பார்த்தது. பிறகு பிடுங்கித் தின்றது. இரண்டாவது நத்தையை உடைக்காமலே விட்டாள். மீன் அதன் ஓட்டைக் கடித்தது. கண்ணாடி வழியாகவே நறுக்கென்று கேட்டது.

"கேட்டுச்சா!" என்றாள் ஒச்சாயி. இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து, ஐந்து நத்தை தீரும்வரை பார்த்தார்கள். பிறகு பாகீரதி கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, உலை வைத்து, ஒச்சாயிக்கும் சேர்த்துச் சமைத்தாள்.

அந்த ஆவணிக்குள் அவள் கொல்லையில் ஒரு மண்தொட்டியில் நத்தைகளே குட்டி போட்டுப் பெருகின. வாரத்துக்கு இரண்டு நாள் நத்தை, மற்ற நாள் கூத்தாடி. குறட்டை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பத்தரிடம் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அது தேவைப்படவில்லை. அவள் சைவம் மாறவில்லை. ஏகாதசிக்குப் பட்டினி இருந்துகொண்டே மீனுக்கு நத்தை போட்டாள். ஒரு உறவுக்காரர் இதென்ன நியாயம் என்று கேட்டதற்கு, "விரதம் எனக்கு, அதுக்கு இல்லையே" என்றாள்.

பேத்தை மீன் 1942 பங்குனி வரை இருந்தது. கடைசி மாதம் நிறம் வெளுத்து, புழுவைத் துரத்தாமல், பக்கத்தில் வந்ததை மட்டும் சாப்பிட்டது. அதற்கு வயதாகிவிட்டது என்று பாகீரதிக்குப் புரிந்தது. இந்த முறை திருத்துவதற்கு எதுவும் இல்லை. ஒரு காலையில் மணலில் சாய்ந்து கிடந்தது. கொல்லையில் புதைத்துவிட்டு, அன்று முழுவதும் அதிகம் பேசாமல் வேலை செய்தாள். மறுவாரம் தொட்டியை மறுபடி அலசி, வாய்க்காலில் பிடித்த அயிரை மீன்களை விட்டாள்.

அதற்குள் குடியிருப்பில் நாலைந்து வீடுகளில் மீன் வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள். யார் வீட்டு மீன் சாய்ந்தாலும் 'பேத்தை மாமி'யைத் தேடி வந்தார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் புதிதாகக் குடிவந்த எஞ்சின் டிரைவரின் மனைவி மாயக்காள், ஒரு சின்னப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். உள்ளே ஒரு குரவை மீன் குஞ்சு வாயைப் பிளந்து மேலே மேலே வந்துகொண்டிருந்தது.

"மாமி, இது பொழைக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. தூக்கிப் போட்ருன்னு சொல்றாரு அவரு."

பாகீரதி பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும். உள்ள வா. இதுக்கு என்ன திங்கக் குடுத்தே, எப்ப தண்ணி மாத்தினே, ஒண்ணு விடாம முதல்லேருந்து சொல்லு" என்றாள், மணைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தி.